கணக்குக் காட்டப் போன ஊர்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழையசீவரம் வந்ததும் இடப்பக்கம் திரும்பினோம். நவம்பர் 1, காலை ஏழு மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. பாலாற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஆற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் மணலும் நாணலும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் இது. எதிர்க்கரையில் இருக்கும் ஊரின் பெயரே திருமுக்கூடல்.

வண்டியில் மூன்று பேர் இருந்தோம். மூவரும் ஆடிட்டர்கள், ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். என் மடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் சங்கம் ஓர் ஏரிக்குச் செய்த வேலையின் வரவு செலவு அதில் இருக்கிறது. அன்று உள்ளாட்சி நாள். பதினொரு மணிக்குக் கிராம சபை. அங்கே அந்தக் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும். முப்பது வருடமாக அடுத்தவர் எழுதிய கணக்கைச் சரிபார்த்து வருகிறவன் நான். நானே எழுதிய கணக்கோடு ஒரு ஊருக்கு முன்னால் நிற்கப் போவது அதுதான் முதல் தடவை.

நேரம் இருந்ததால் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இறங்கினோம். திருச்சுற்று மதிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு, 1068ஆம் ஆண்டை ஒட்டியது. கோயிலைச் சார்ந்து நடந்த ஒரு மருத்துவமனையின் ஏற்பாட்டை அது சொல்கிறது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருகிறவர் என்று ஒவ்வொருவரும் அதில் வருகிறார்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக இருக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் கை தேர்ந்த ஒருவர் போட்ட வரவுசெலவுத் திட்டம் போலவே இருக்கிறது. வைத்தியருக்கு என்ன கொடுப்பது என்று எழுதியவர்கள் தண்ணீர் சுமப்பவருக்கு என்ன கொடுப்பது என்றும் எழுதியிருக்கிறார்கள். தருமம் என்று ஆரம்பித்துவிட்டுத் தண்ணீர்க்காரரின் கூலியை மறந்துபோன எத்தனையோ அறக்கட்டளைக் கணக்குகள் என் மேசைக்கு வந்ததுண்டு.

மருத்துவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை பாலக்காடு மாவட்டத்தில் மருத்துவக் கழிவுகளைக் கையாளும் பொது நிலையம் ஒன்றை நடத்துகிறது. 2003ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. ஊசி, கட்டுத்துணி, வெட்டியெடுத்த சதை என்று மருத்துவமனைகளின் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தபோது, அரசு வழி செய்யட்டும் என்று காத்திராமல் சங்கமே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தொழிற்சங்கமும் வணிகர் சங்கமும் மருத்துவர் சங்கமும் ஊருக்கு என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தன் தொழிலால் வரும் குப்பையைத் தானே அள்ளுவது. அதன் பிறகு, தன் தொழிலில் கற்ற கையால் ஊருக்கு ஆவதைச் செய்வது.

இந்த இரண்டுமே தெரியாமல்தான் நாங்கள் ஆரம்பித்தோம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சூன் மாதம், சுற்றுச்சூழல் நாள் என்று சொல்லி இதே ஊருக்கு வேனில் வந்தோம். ஏரிக்கரையில் மரக்கன்று நட்டோம். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தோம். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினோம். படம் சங்கத்தின் மலரில் அட்டையில் வந்தது. அடுத்த வருடம் வேறு ஊர், அதற்கடுத்த வருடம் வேறு ஊர். மூன்று வருடம் கழித்து வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது கரையில் ஏறிப் பார்த்தேன். ஒரு கன்றுகூட இல்லை. கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கவில்லை. ஆடு கடிக்காமல் வேலி போடவில்லை. எங்கள் பெயர் எழுதிய தகரப் பலகை மட்டும் சாய்ந்து கிடந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. கம்பெனிகளுக்காவது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனம் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், செலவிட்டதைக் காட்டவும் வேண்டும். எங்களைப் போல் பதிவு செய்த சங்கத்தை அந்தச் சட்டம் கேட்காது. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் நாங்கள் சரியாக நடந்திருக்க வேண்டும்.

*

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தோம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள சிறிய கோயில். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 2020 திசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசிய பிறகு, வடநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வருகிறவர்கள் பானையில் ஓலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த பகுதிதான் முக்கியம்.

முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. கல்வெட்டுத் துறை இவற்றைப் படியெடுத்தது 1898இல். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர் வீதம் 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொறுப்பு 360 நாள். 360ஆம் நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைப் பானையில் போடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைப் போடவே கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறை சொல்லி ஒவ்வொருவரையும் விலக்கி வைத்திருக்கிறது. கணக்குக் காட்டாதவன் வீட்டுக்கே கதவடைப்பு.

இதற்கும் மேலே ஒன்று, கல்வெட்டின் கடைசிப் பகுதியில். கணக்கு எழுதுகிறவர் நேர்மையாகப் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டும். தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, குற்றமில்லாதவர் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அவர் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். எழுதிய கணக்கை எழுதியவரேதான் காட்ட வேண்டும். வேறொருவரைக் கூட்டி வந்து கணக்கை முடிக்கக் கூடாது. கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிக் குனிந்து பார்த்தபடி நடந்தேன். எழுத்துகள் விரல் நகம் அளவுக்குத்தான் ஆழம். சில இடங்களில் கல் பொரிந்து எழுத்து தேய்ந்திருக்கிறது. மழையில் நனைந்த கல்லில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் மூவரும் பரீட்சைக்குப் படித்த பாடத்தின் சாரம் முழுக்க 1,100 வருடமாக இந்தக் கல்லில் இருந்திருக்கிறது. என்னோடு வந்த இளையவர் ஒன்றும் பேசாமல் கைபேசியில் அந்தக் கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். பானைக்குள் விழுந்த ஓலைகளெல்லாம் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்கள். ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவர் பெயர் அதில் கிடையாது. பெண் பெயர் கிடையாது. கணக்குக் காட்டு என்ற சட்டம் பெரிய சட்டம்தான். யாரிடம் காட்டுவது என்பதில் அன்றைக்குப் பெரிய குறை இருந்தது.

கோயிலிலிருந்து ஏரிக்கரைக்குப் போனோம். பல்லவன் தந்திவர்மன் காலத்து வயிரமேக தடாகம்தான் இன்றைய உத்திரமேரூர் ஏரி. வயிரமேகன் என்பது அவனுடைய பட்டப்பெயர். செய்யாற்றில் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. கரையில் நின்றால் எதிர்க்கரை பனைமரக் கோடாகத்தான் தெரிகிறது. ஏரியில் வண்டல் எடுப்பதற்கென்றே பொன் கொடுத்து வைத்தவர்களின் கல்வெட்டுகள் இந்த ஊரில் உண்டு. முதலைத் தொடக் கூடாது, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும். ஓடம் விட்டு ஏரி நடுவிலிருந்து மண் எடுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். பணத்தைப் பெற்று வேலை நடத்தும் பொறுப்பு ஏரி வாரியப் பெருமக்களுடையது. ஒரு வருடம் ஆடம்பரமாகத் தூர்வாரிவிட்டு மறந்துவிடுவதற்கு நேர் எதிரான ஏற்பாடு அது. வண்டல் ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஆகையால் பணமும் ஆளும் ஒவ்வொரு வருடமும் வேண்டும்.

கரையில் எருமை ஓட்டிப் போன பெரியவரிடம், "ஏரி கோடி போகுமா ஐயா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு நல்ல மழ பேஞ்சா போவும் சார். காவாயில தண்ணி தடங்கல் இல்லாம வரணும், அதான்" என்றார்.

அவர் சொன்ன அந்தக் கால்வாயில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் கீழேரிக்குத் தண்ணீர். நடுவில் வரத்துக்கால் தூர்ந்தாலோ யாராவது மடக்கிக்கொண்டாலோ, ஏரியை எத்தனை ஆழம் தோண்டினாலும் அது வெறும் பள்ளம்.

சங்கங்கள் ஏரி காத்த கதை உத்திரமேரூரோடு முடியவில்லை. தாய்லாந்தின் தக்குவா பா பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் கடல் கடந்துபோய் அங்கே ஒரு குளம் வெட்டியிருக்கிறார். குளத்தின் பெயர் அவனிநாரணம். மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயரை ஒட்டி வைத்தது. வெட்டியதோடு விடாமல் அதை மணிக்கிராமத்தாருக்கும் மற்றவர்களுக்கும் அடைக்கலமாக ஒப்படைத்தார். மணிக்கிராமம் என்பது வணிகர் சங்கம். வியாபாரத்துக்குப் போன இடத்தில், தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணில், ஒரு குளத்துக்குக் காவல் நின்ற தொழில் சங்கம் அது. அடைக்கலம் என்ற சொல்லை நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் பலகையில் எழுதிய சொல் 'உபயம்'.

*

கன்றுகள் செத்த கதைக்குப் பிறகு சங்கத்தின் பொதுக்குழுவில் நிறையப் பேசினோம். ஒரே ஊர், ஒரே ஏரி, குறைந்தது ஐந்து வருடம் என்று முடிவானது. மாதம் ஒருமுறை இரண்டு பேராவது போக வேண்டும். இந்த முறை ஊராரிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்டோம். விவசாயிகள் ஒரே குரலில் சொன்னது வரத்துக்கால்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கும் குறைவான ஏரி என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதி வாங்க வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம். இங்கேதான் எங்கள் தொழில் முதன்முதலாக உதவியது. காகிதம் படிப்பது எங்களுக்குக் கைவந்தது. புலப்படமும் 'அ' பதிவேடும் வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் புல எண்ணில் கால்வாய் எத்தனை அகலம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறித்தோம். சர்வேயர் வந்து கல் நட்டபோது கால்வாய் பாதி அகலத்துக்குச் சுருங்கியிருந்தது ஊருக்கே தெரிந்தது. சண்டை வரும் என்று பயந்தோம். வரவில்லை. பக்கத்துக் கழனிக்காரர்கள் படத்தைப் பார்த்தார்கள், வரப்பை நகர்த்திக்கொண்டார்கள். சொர்ணவாரி அறுவடை முடிந்த இடைவெளியில் பொக்லைன் வைத்துச் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, கால்வாயைப் பழைய அகலத்துக்குக் கொண்டு வந்தோம். செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் போட்டது, பெரும்பாலும் உழைப்பாக. அந்தப் பங்கு நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2017இல் இதே மாவட்டத்தின் மணிமங்கலத்தில் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியபோது விவசாயிகள் சங்கங்களுக்கு வைத்த விகிதம் அது. ஊர் தன் கையிலிருந்து கொஞ்சமாவது போட்டால்தான் வேலையை ஊர் கவனிக்கும் என்பது அனுபவத்தில் உண்மையாக இருக்கிறது.

கிராம சபை ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் கொஞ்சம். பெண்கள் பெரும்பாலும் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் வராதது எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. நோட்டைத் திறந்து படித்தேன். வரவு, வங்கி வட்டி, பொக்லைன் வாடகை, டீசல், சிமெண்டுக் குழாய், கொத்தனார் கூலி, கையிருப்பு. ஒவ்வொன்றுக்கும் பில் இருந்தது. என் வழக்கமான அளவுகோலில் குறையே சொல்ல முடியாத கணக்கு.

தார்ப்பாயிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் என்று பிறகு தெரிந்தது.

"சார், பொக்லைனுக்கு எத்தன மணி நேரம்னு போட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"ரெண்டாம் நாளு மதியானம் மழ புடிச்சிக்கிச்சே. வண்டி அய்யனார் கோயிலாண்ட நின்னுக்கினுதான இருந்துச்சு. அந்த நேரத்தையும் சேத்தா துட்டு குடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. வண்டிக்காரர் கொடுத்த பில்லில் மொத்த மணி நேரம் இருந்தது, கையெழுத்து இருந்தது, நாங்கள் காசோலை கொடுத்தோம். அந்த நாள் நாங்கள் யாரும் ஊரில் இல்லை. அந்தப் பெண் தன்னோடு கொண்டு வந்திருந்த பழைய டைரியைப் பிரித்தார். அன்றைய தேதியில், தன் ஆட்களின் வருகைக் கணக்குக்குக் கீழே, வண்டி நின்ற நேரமும் மறுபடி ஓடிய நேரமும் பென்சிலில் இருந்தன. இரண்டு மணி நேரமும் சில்லறையும். யாரும் அவரிடம் எழுதச் சொல்லவில்லை. "நம்ம ஊர் காவாயாச்சே, அதான் குறிச்சி வெச்சேன்" என்றார்.

சபையிலேயே வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். ஒலிபெருக்கியில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை, பில் எழுதிய பையன் கவனிக்கவில்லை என்றார், வித்தியாசத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார். நோட்டில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் சரியான மணி நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணையும் போடச் சொன்னேன். முதலில் தயங்கினார். அப்புறம் தன் பேனாவிலேயே நிதானமாக எழுதினார். தார்ப்பாயில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவரே எங்களைக் கால்வாய்க்குக் கூட்டிப் போனார். இரவு பெய்த மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்கால் ஆழம் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஆட்கள் ஊன்றியிருந்த பனங்கொட்டைகளைக் கம்பால் காட்டினார். பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடும் மேயாது, வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கன்று நடுவதற்கு முன்பே நாங்கள் இவரிடம் கேட்டிருக்கலாம். ஏரி முகத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மதகின் பழைய பலகை ஒரு பக்கம் இற்றுப்போய் அதன் வழியாகக் கழனிப் பக்கம் ஒழுகுவதையும் பார்த்தோம்.

வண்டி வாடகையில் திரும்பி வரும் பணத்தை அந்தப் பலகைக்கு ஒதுக்குவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்று. இனி வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் நேரம் குறிக்கும் பொறுப்பு ஊரைச் சேர்ந்த இருவருடையது. அவர்கள் கையெழுத்து இல்லாத பில்லுக்குச் சங்கம் பணம் தராது. வரவு செலவின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். அடுத்த கிராம சபை சனவரி 26. அன்றைக்கும் இதே நோட்டை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.